விலை இறங்கிய தக்காளியை வீட்டிலேயே சாஸாகச் சேமிக்கலாம்

கொல்லிமலை என்றதும் மிளகு, காபி, வாழை, அன்னாசி, பலா, மரவள்ளி ஆகிய பயிர்களே முதலில் நினைவுக்கு வரும். சாமை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள் இம்மலையின் பழமையான பயிர்களாகும். இவற்றோடு வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் தக்காளி வைப்போரும் உண்டு. மிளகைக் காயவைத்து விலை வரும்வரை வைத்திருக்கலாம். மரவள்ளியைச் சில வாரம் நிலத்திலேயே விட்டு வைக்கலாம். ஆனால் பழுத்த தக்காளி காத்திராது. பறித்த சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகளில் காரவள்ளி வரை இறங்கிச் சேந்தமங்கலம், நாமக்கல், இராசிபுரம் போய்ச் சேர்வதற்குள் பெட்டியின் அடியில் உள்ள பழங்கள் நசுங்கி விடுகின்றன.

விலையும் நிலையாக இருப்பதில்லை. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசு, ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு செப்டம்பருக்குள் வரத்து பெருகி விலை அடியோடு சரிந்தது. விலை சரியும் நாட்களில் பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும் விவசாயிகள் பலர். ஆனால் அதே குடும்பம் சில மாதங்கள் கழித்துக் குழம்புக்கு வேண்டிய தக்காளியைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறது.

இத்தாலி நாட்டின் தென்பகுதியில் தக்காளி கோடையில்தான் பழுக்கும். ஆகஸ்ட் மாதத்தில் குடும்பத்தார் அனைவரும் கூடி, ஆண்டு முழுவதற்கும் வேண்டிய தக்காளிக் கூழைப் பாட்டில்களில் அடைத்து வைப்பது அங்குள்ள வழக்கமாகும். பாஸ்தா என்னும் கோதுமை உணவுக்கு இக்கூழே அடிப்படை. நம் வீடுகளில் வெயில் காலத்தில் வற்றலும் வடகமும் போட்டு வைப்பதைப் போன்றதே இது. இதனைக் கொல்லிமலையிலும் செய்யலாம். ஆனால் மலையில் செய்வோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது பின்னர் விளக்கப்படுகிறது.

பழம் தேர்வு

இங்கு சாஸ் என்று குறிப்பிடுவது, கடையில் கிடைக்கும் சர்க்கரையும் வினிகரும் சேர்ந்த இனிப்புச் சாஸ் அல்ல. தக்காளியை மட்டும் சுண்டக் காய்ச்சிய கூழாகும்.

சதைப்பற்று மிகுந்த, விதையும் சாறும் குறைந்த பழங்கள் இதற்கு ஏற்றவை. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் மணமும் நன்றாக இருக்கும். ஆனால் நீர் அதிகம். சதை கனத்த ஒட்டு இரகப் பழங்களில் கூழ் அதிகம் கிடைக்கும். இரண்டையும் கலந்து கொள்வது நல்லது. பெரியகுளம் 1 போன்ற இரகங்களில் காம்பைச் சுற்றிப் பச்சை நிறம் இருக்கும். அப்பகுதியை நறுக்கி நீக்கினால் சாஸ் நல்ல சிவப்பாக அமையும்.

பயணத்தில் லேசாக நசுங்கிய பழத்தை அன்றே பயன்படுத்தலாம். பூஞ்சணம் பிடித்தது, அழுகியது, புளித்த வாடை அடிப்பது ஆகியவற்றை விலக்க வேண்டும். அழுகிய பகுதியை மட்டும் வெட்டியெறிந்து மீதியைச் சேர்ப்பதும் தவறு. வாடல் நோயால் பட்டுப்போன செடியில் தொங்கும் பழங்களையும் இதற்குச் சேர்க்கக் கூடாது. இத்தகைய பழங்களில் புளிப்பு குறைந்திருக்கும். சாஸ் கெடாமல் இருப்பதற்குப் புளிப்பே முதற்காவல் ஆகும்.

கூழ் எடுத்தல்

10 கிலோ பழத்தை ஓடும் நீரில் மண் போகக் கழுவிக் காம்பை நீக்க வேண்டும். அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, முதலில் அரைக் கிலோ பழத்தை மட்டும் நான்காக நறுக்கிப் போட்டு, கரண்டியால் நசுக்கிக் கொதிக்கவிட வேண்டும். கொதி வந்த பிறகு மற்றப் பழங்களைச் சிறிது சிறிதாக நறுக்கிப் போட வேண்டும். கொதி அடங்காதவாறு சேர்ப்பது அவசியம்.

எல்லாப் பழத்தையும் முதலில் நறுக்கிக் குவித்து வைப்பது கூடாது. தக்காளியில் பெக்டின் என்னும் பசைப்பொருள் உள்ளது. பழத்தை நறுக்கியவுடன் அதிலுள்ள நொதிகள் இப்பசையைச் சிதைக்கத் தொடங்குகின்றன. உடனே சூடேற்றினால் நொதிகள் செயலிழந்து, சாஸ் கெட்டியாக நிற்கும். தாமதித்தால் பாட்டிலில் கூழ் அடியிலும் நீர் மேலுமாகப் பிரிந்துவிடும்.

எல்லாம் சேர்த்தபின் 5 நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி, சல்லடையில் தேய்த்துத் தோலையும் விதையையும் நீக்க வேண்டும். கிடைத்த கூழை மீண்டும் அடுப்பேற்றி அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். கூழின் அளவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் இளஞ்சாஸ். பாதியாகக் குறைந்தால் கெட்டிச் சாஸ். 10 கிலோ பழத்தில் இளஞ்சாஸ் சுமார் 4 லிட்டரும், கெட்டிச் சாஸ் சுமார் 3 லிட்டரும் கிடைக்கும். ஈயம் பூசாத பித்தளை, செம்பு, இரும்பு, அலுமினியப் பாத்திரங்கள் இதற்கு உதவா. தக்காளியின் புளிப்பு அவற்றை அரித்துச் சுவையையும் நிறத்தையும் கெடுக்கும்.

விறகுச் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல் ஏழு மடங்கு வெப்பம் அதனை முழுவதும் ஆவியாக்கத் தேவை. எனவே வீட்டு உபயோகத்துக்கு இளஞ்சாஸே போதுமானது. சாஸ் கெட்டியாக இருப்பதால் மட்டும் கெடாமல் இருந்துவிடாது. அதனைக் காப்பவை புளிப்பும் பாட்டிலில் அடைத்தபின் கொடுக்கும் வெப்பமுமே.

புளிப்பு சேர்த்தல்

மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துக்கள் உள்ளன. சாதாரணக் கொதிநீரில் இவ்வித்துக்கள் மடிவதில்லை. காற்றுப் புகாதவாறு மூடிய பாட்டிலில், புளிப்பும் குறைவாக இருந்தால், இவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். இந்நச்சு நரம்புகளைத் தாக்கி மூச்சை நிறுத்தி உயிரைப் பறிக்கக் கூடியது. நச்சு கலந்த உணவு வாடையிலோ சுவையிலோ வேறுபடாமலும் இருக்கலாம்.

கார அமில நிலை 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இந்நுண்ணுயிர் வளராது. தக்காளியின் கார அமில நிலை பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டியே உள்ளது. இரகத்துக்கு இரகம், பழுத்த அளவுக்குத் தக்கபடி மேலும் கீழும் ஆகும். நாக்கினால் இதனை அறிய இயலாது. ஆகவே ஒவ்வோர் அரை லிட்டர் பாட்டிலிலும் கால் தேக்கரண்டி எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, தவறாமல் இட வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி. உணவுக்கு உகந்த தரமுள்ளதையே வாங்க வேண்டும். புதிய எலுமிச்சம் பழங்களின் புளிப்பு ஒன்றுபோல் இராது. ஆதலால் அவற்றை நம்ப வேண்டாம். புளிப்பு அதிகம் என்று தோன்றினால் சமைக்கும்போது சிறிது சர்க்கரை சேர்த்துக் கொள்ளலாம்.

வெங்காயம், பூண்டு, மிளகாய், கறிவேப்பிலை, எண்ணெய் ஆகியவற்றைப் பாட்டிலில் அடைக்கும் கூழில் சேர்க்கக் கூடாது. காய்கறிகள் புளிப்பைக் குறைத்துவிடும். இவற்றைப் பாட்டிலைத் திறந்து சமைக்கும்போது சேர்ப்பதே முறை. சுவைக்கு உப்பு மட்டும் சேர்க்கலாம்.

மலையில் கொதிநீரின் சூடு குறைவு

கொல்லிமலை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி செல்சியஸ் இறங்குகிறது. கடலோரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், கொல்லிமலையில் சுமார் 96 டிகிரியிலேயே கொதிக்கிறது. கீழ்நாட்டில் வேகும் நேரத்தில் மலையில் பருப்பு வேகாதிருப்பதற்கு இதுவே காரணம். தளதளவென்று கொதிப்பதைக் கண்டு, சூடு போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. நேரத்தைக் கூட்டுவதே வழி.

அரை லிட்டருக்கு உட்பட்ட பாட்டில்களுக்குக் கொதிநீரில் வைக்க வேண்டிய குறைந்த அளவு நேரம் பின்வருமாறு:

300 மீட்டர் வரை (நாமக்கல், சேந்தமங்கலம், சேலம்): 35 நிமிடம்.

300 முதல் 900 மீட்டர் வரை (தருமபுரி, பாலக்கோடு, ஓசூர், கோவை): 40 நிமிடம்.

900 முதல் 1800 மீட்டர் வரை (கொல்லிமலை, ஏற்காடு): 45 நிமிடம்.

அதற்கு மேல் (உதகை, கொடைக்கானல்): 50 நிமிடம்.

ஒரு லிட்டர் பாட்டிலுக்கு ஒவ்வோர் இடத்திலும் 5 நிமிடம் கூட்ட வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குச் சற்றுக் கூடினால் கேடில்லை, குறையக் கூடாது. மலையில் உறவினர் வீட்டில் கற்றதைக் கீழ்நாட்டில் செய்தால் ஆபத்தில்லை. கீழ்நாட்டில் கற்றதை அப்படியே மலையில் செய்வதுதான் ஆபத்து. இந்த நேரக்கணக்கு பிரஷர் குக்கருக்குப் பொருந்தாது.

பாட்டிலில் அடைத்தல்

கீறலோ விளிம்பில் உடைப்போ இல்லாத கண்ணாடி பாட்டில்களையும், உள்ளே ரப்பர்ப் பூச்சுள்ள புதிய திருகு மூடிகளையும் பயன்படுத்த வேண்டும். மூடிகளைத் திரும்பப் பயன்படுத்தினால் காற்று புகும். பாட்டில்களைச் சோப்பு நீரில் கழுவி, வெந்நீரில் போட்டுச் சூடாக வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கும் சாஸை ஊற்றினால் வெடித்துவிடும்.

எலுமிச்சை உப்பை முதலில் இட்டு, கொதிக்கக் கொதிக்கச் சாஸை ஊற்றி, மேலே கால் அங்குலம் இடம் விட வேண்டும். உள்ளே சிக்கிய காற்றைச் சுத்தமான குச்சியால் நீக்கி, விளிம்பைத் துடைத்து மூட வேண்டும். அண்டாவின் அடியில் மரச்சட்டமோ கனத்த துணியோ இட்டு, பாட்டில்களை ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்தி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும்படி வெந்நீர் ஊற்ற வேண்டும். அண்டாவை மூடி, நீர் நன்கு கொதிக்கத் தொடங்கிய பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும். இடையில் கொதி நின்றால், மறுபடி கொதி வந்தபின் முதலிலிருந்து கணக்கிட வேண்டும்.

நேரம் முடிந்ததும் 5 நிமிடம் கழித்துப் பாட்டில்களை எடுத்து, துணி விரித்த பலகையில் காற்றுப்படாத இடத்தில் ஒரு நாள் ஆற விட வேண்டும். ஆறியபின் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி இருந்தால் சரியாக அடைபட்டுள்ளது என அறியலாம். அழுத்தினால் மேலெழும்பும் மூடியுள்ள பாட்டிலை அன்றே சமைத்துத் தீர்த்துவிட வேண்டும். தேதி எழுதிய சீட்டு ஒட்டி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தலாம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டினர், ஒரே நாளில் தீரும் அளவுள்ள சிறு பாட்டில்களில் அடைப்பது நல்லது.

மூடி புடைத்தது, திறக்கும்போது நுரைத்துப் பொங்குவது, பூஞ்சணம் பூத்தது, வாடை மாறியது ஆகியவற்றைச் சுவைத்துப் பார்க்கவே கூடாது. கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது. ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

பயன்படுத்தும் முறை

எண்ணெயில் பூண்டும் வெங்காயமும் வதக்கி, ஒரு பாட்டில் சாஸை ஊற்றி 10 நிமிடம் கொதிக்கவிட்டு, உப்பும் மலை மிளகுத் தூளும் சேர்த்தால் பாஸ்தாவுக்கான சாஸ் தயார். இத்தாலியர் இதில் சேர்க்கும் மணமுள்ள இலை, நம் ஊர்த் திருநீற்றுப் பச்சிலையின் இனமே. அதில் சில இலைகளைக் கிள்ளிப் போடலாம். கேழ்வரகுச் சேமியா, சாமைச் சேமியா ஆகியவற்றுக்கும் இது மிகவும் ஏற்றது. ரசம், குழம்பு, குருமாவுக்கும் தக்காளிக்குப் பதில் பயன்படுத்தலாம்.

விற்பனைக்குச் செய்வோர்

ஒரு குடும்பம் ஒரு நாளில் 20 அல்லது 30 கிலோ பழத்துக்கு மேல் இம்முறையில் செய்வது கடினம். எனவே ஏக்கர் கணக்கில் விளைந்த தக்காளிக்கு இது மாற்றுச் சந்தை ஆகாது. கிலோ 5 ரூபாய்க்கு விற்கும் நாளில் 10 கிலோ பழத்தின் மதிப்பு 50 ரூபாய்தான். அதுவே இளஞ்சாஸாக எட்டு அரை லிட்டர் பாட்டில்களில் அடைபட்டால், தக்காளி எட்டாத விலைக்குப் போகும் மாதத்தில் ஒரு குடும்பத்தின் குழம்புச் செலவு மிச்சமாகும். பாட்டில்கள் முதல் ஆண்டில் மட்டுமே பெருஞ்செலவு. பின்னர் மூடிகளை மட்டும் புதிதாக வாங்கினால் போதும்.

மகளிர் குழுக்கள் விற்பனைக்குச் செய்ய விரும்பினால் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் பதிவு கட்டாயம் தேவை. ஒவ்வொரு முறை காய்ச்சியதிலும் கார அமில நிலையை அதற்குரிய கருவியால் சோதித்துக் குறித்து வைக்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலும், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடை பின்சார் தொழில்நுட்ப மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

எனவே விவசாயப் பெருமக்கள் முதலில் 5 கிலோ பழத்தில் செய்து பார்த்துப் பழகிக் கொள்ள வேண்டும். நோயற்ற பழம், பாட்டிலுக்குக் கால் தேக்கரண்டி எலுமிச்சை உப்பு, மலையில் 45 நிமிடக் கொதி ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால், விலையில்லாமல் செடியில் அழுகும் தக்காளியை ஆண்டு முழுவதும் அச்சமின்றி உண்ணலாம்.