தாய்வழித் தடம்

மக்களின் பழைமையை ஆராய்வோர்க்கு ஏடும் கல்வெட்டும் பானையோடுமே முன்னர்த் துணையாயின. இன்று நம் உடம்பும் ஓர் ஏடாயிற்று. அவ்வேட்டின் ஒரு பக்கத்தை மாணவர்க்கு விளக்கக் கருதுகின்றோம்.

உயிரணுவினுள் இழைமணி என்னும் நுண்ணுறுப்பு உண்டு. உணவினின்று உடலுக்கு ஆற்றல் பெற்றுத் தருவது அது. 16,569 இணைகள் கொண்ட வளையமாகிய டி.என்.ஏ. ஒன்று அதற்குத் தனியே அமைந்துள்ளது. இதனைப் பிள்ளைகள் தாயிடமிருந்தே பெறுவர். மகனும் பெறுவான்; ஆயினும் தன் மக்களுக்குக் கொடான். மகளே வழிவழியாகக் கொடுப்பாள். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பெற்ற தேசவழமையிலே, தாயின் சீதனம் பெண்மக்களைச் சேரும் முறையை இதற்கு ஒருபுடை உவமையாகக் கூறலாம்.

இவ்வளையத்திலே நெடுங்காலத்துக்கு ஒருமுறை சிறு மாற்றம் நேரும். அம்மாற்றங்களை ஒப்புநோக்கித் தாய்வழிக் கிளைகளை வகுப்பர். 1987இல் கான், ஸ்ரோன்கிங், வில்சன் என்னும் மூவர் 147 பேரின் இழைமணியை ஆராய்ந்தனர். கிளைகள் யாவும், ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆண்டுகட்கு முன் ஆபிரிக்காவில் வாழ்ந்த ஒரு தாயிடம் சென்று கூடுமென்பது அவர்தம் முடிபு. அக்காலத்தில் அவள் ஒருத்தியே இருந்தாள் என்பது பொருளன்று. ஏனையோரின் தாய்வழிகள் இடையிலே பெண்மகவின்றி அற்றன.

ஐரோப்பாவிற் பழைய எலும்புகளே சான்று பகர்ந்தன. ஆதி வேட்டுவரிடம் 'யூ5' என்னும் கிளை மிகுந்திருந்தது. அனத்தோலியாவினின்று உழவர் வந்தபின் வேறு கிளைகள் பெருகின.

நம் நாட்டிலே வேடர், சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் ஆகியோருள் 271 பேரை ஆராய்ந்த கட்டுரையொன்று 2014இல் வெளிவந்தது. வேடர் தனித்து நின்றனர்; ஏனையோர் தம்முள் நெருங்கி நின்றனர். ஆயினும் வேடரின் தாய்வழி, இந்தியத் தமிழரிலும் பார்க்கச் சிங்களவரோடும் இலங்கைத் தமிழரோடும் மிக்க தொடர்புடையதாய்க் காணப்பட்டது.

இச்சான்றின் எல்லையையும் மாணவர் அறிதல் வேண்டும். பத்துத் தலைமுறைக்கு முன் நம் ஒவ்வொருவர்க்கும் 1,024 முன்னோரிடங்கள் உண்டு. இழைமணி உரைப்பது அவற்றுள் ஒருத்தியின் வரலாற்றையே. அவள் பேசிய மொழியையும் வணங்கிய தெய்வத்தையும் அது உரையாது. ஆனைக்கோட்டைப் பெருங்கற்காலப் புதைகுழியிற் கிடைத்த முத்திரையின் பிராமி எழுத்துக்கள் மொழிக்குச் சான்றாகும். குருதி மொழிக்குச் சான்றாகாது.

ஆதலின், முன்வந்தார் யார், பின்வந்தார் யார் என்னும் வழக்குக்கு இதனைப் படைக்கலமாக்குதல் கல்வியுடையார்க்குத் தகாது. எத்துணை தொலைவு சென்றாலும் தாயர் ஒருவரையொருவர் உறவினராகவே காட்டுகின்றனர். ஒவ்வொரு சான்றையும் அதன் அளவறிந்து கொள்வதே ஆராய்ச்சியாம்.