கடிதம் ஒருத்தர் கையில் மட்டும் இருக்கலாமா?



ஒரு கூட்டமைப்பில் நடந்த விஷயம், பேர் வேண்டாம். கண்காட்சியில் கடை போடச் சொல்லி இமெயிலில் அழைப்பு வந்திருக்கிறது. பாஸ்வேர்டு கணக்காளருக்கு மட்டும்தான் தெரியும். அவரோ பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டார். ராகி மாவும் சாமையும் தயாராக வைத்திருந்த பெண்களுக்கு, கடைசித் தேதி முடிந்த பிறகுதான் தெரிந்தது. கணக்காளரைத் திட்டி என்ன பயன்? ஏற்பாடுதான் சரியில்லை.

1989-இல் ஐஃபாட் உதவியோடு நம் தருமபுரி மாவட்டத்தில்தான் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. தீர்மான நோட்டைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசிப்பது நமக்குப் பழக்கம். இமெயிலை மட்டும் ஏன் ஒருத்தர் போனில் பூட்டி வைக்கிறோம்?

கடிதம் உண்மையில் போனில் இல்லை, சர்வர் என்கிற வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. பழைய முறையில், ஒருத்தர் இறக்கிக்கொண்டால் பெரும்பாலும் சர்வரிலிருந்து அது போய்விடும். 1986-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் ஐமேப் என்ற முறையை உருவாக்கினார். இதில் கடிதம் சர்வரிலேயே தங்கும். அலுவலகங்களில் 'கடன்', 'விற்பனை' என்று பொது ஃபோல்டர் போட்டு, யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்று அனுமதி கொடுப்பார்கள். அவரவர் சொந்தப் பாஸ்வேர்டிலேயே திறக்கலாம்.

இலவச ஜிமெயிலில் ஒரு ஃபோல்டரை மட்டும் அப்படித் திறந்துவிட முடியாது. அதனால் கூகுள் டிரைவில் ஃபோல்டர் போட்டு, வந்த கடிதத்தை அதில் சேமித்துப் பகிருங்கள். இரண்டு பேருக்குத் திருத்தும் அனுமதி, மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும்.

புதுச்சேரியில் 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கம்ப்யூட்டர் தொடாத மீனவருக்கும், கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று தெரிந்தது. நாமும் முக்கியக் கடிதத்தை ஃபோல்டரில் போட்டதோடு விடாமல் கூட்டத்தில் வாசிக்கணும். எல்லார் வீட்டிலும் ஸ்மார்ட் போன் இல்லையே!

ஒரு எச்சரிக்கை. ஓடிபி, வங்கிப் பாஸ்வேர்டு, ஆதார் நகல் எதையும் பொது ஃபோல்டரில் போடாதீர்கள். பொறுப்பிலிருந்து ஒருத்தர் விலகினால், அன்றைக்கே அவர் அனுமதியை எடுத்துவிடுங்கள். சண்டை போட்டுப் போனவர் மட்டுமில்லை, நல்லபடியாகப் போனவருக்கும் இதேதான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஊக்குநரும் பிரதிநிதியும் போனை முழுசா சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். அங்கேயே ஃபோல்டர் போட்டுப் பார்த்துவிடலாம்.