ஒரு பெயரும் அதன் ஆட்சியெல்லையும்

பெயர் ஒன்றேயாயினும், அது குறிக்கும் பொருள் இடமும் காலமும் நோக்கி வேறுபடுதல் இலக்கணம் பயில்வார் நன்கறிந்ததே. கணிப்பொறிக்கென ஆக்கப்பட்ட மொழிகளிலும் இவ்வேறுபாடு உண்டு. அதனை லிஸ்ப் என்னும் மொழியின் வாயிலாக ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

லிஸ்ப் மொழியை 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜான் மெக்கார்த்தி வகுக்கத் தொடங்கினார். சார்பு ஒன்று மற்றொன்றை அழைக்க, அது வேறொன்றை அழைக்க, இவ்வாறே காரியம் முடிதல் இம்மொழியின் இயல்பு. தொடக்கத்தில் ஒரு பெயரின் மதிப்பு, தன்னை அழைத்தவர் யாவர் என்பதைப் பொறுத்தே அமைந்தது. இதனை இயங்குநிலை ஆட்சி என்போம். 1975-இல் சஸ்மன், ஸ்டீல் என்னும் இருவர் வகுத்த ஸ்கீம் மொழியோ, பெயர் எழுதப்பட்டுள்ள இடத்தையே அளவாகக் கொண்டது. இஃது இடநிலை ஆட்சி. 1994-இல் நியமம் பெற்ற காமன் லிஸ்ப் இடநிலையைப் பொதுவிதியாக்கி, சிறப்பாக அறிவிக்கப்பட்ட பெயர்களுக்கு மட்டும் இயங்குநிலையை வைத்துக்கொண்டது. அத்தகைய பெயர்களின் இருமருங்கும் உடுக்குறி இட்டெழுதுதல் வழக்கம்.

அவற்றுள் ஒன்று ‘பிரிண்ட்-பேஸ்’ என்பது. எண்களை எவ்வடிமானத்தில் அச்சிடுவது என்பதை அஃது உணர்த்தும். அதன் இயல்பான மதிப்பு 10. அதனை 2 ஆக்கின், பத்து என்னும் எண் 1010 என அச்சாகும்.

மாற்றும் வழி இரண்டு. ‘செட்க்யூ’வினால் மாற்றுவது ஒன்று. வேலை முடிந்தபின் மீண்டும் 10 என வைக்க எண்ணியிருப்போம். இடையே பிழை நேரின் அவ்வரியை நிரல் எட்டாது. பின்னர் அச்சாகும் பத்தெல்லாம் 1010 என நிற்க, காண்போர் அதனை ஆயிரத்துப் பத்தென்றே கொள்வர். தவறு நிகழ்ந்ததென்பதற்கு அடையாளமும் இராது.

‘லெட்’டினால் பிணைப்பது மற்றொன்று. தலைமையாசிரியர் விடுமுறையிலிருக்குங்கால் வேறொருவர் அப்பதவியில் அமர்கின்றார். அந்நாட்களில் யாவரும் அவர் சொற்கே இணங்குவர். விடுமுறை கழிந்ததும் பழையவரே தலைவர். அதுபோல, லெட்டின் எல்லைக்குள் அழைக்கப்படும் சார்புகள் யாவும் 2 என்பதையே காணும். அவ்வெல்லையை முறையாக நீங்கினும் பிழையால் நீங்கினும் 10 தானே மீளும். உள்ளே செட்க்யூ ஆண்டாலும், மாறுவது அப்புதிய பிணைப்பேயன்றிப் பழையதன்று.

அங்ஙனமாயின் இதில் இடர் யாதுமில்லையோ எனின், ஒன்றுண்டு. எல்லைக்குள் ஒரு சார்பை ஆக்கி, வெளியே கொணர்ந்து பின்னர் அழைத்தால், அது பிறந்த காலத்து மதிப்பைக் காணாது, அழைக்கும் காலத்து மதிப்பையே காணும். ஆதலின், வேண்டிய மதிப்பை முதற்கண் ஓர் இடநிலைப் பெயரில் ஏற்றி, அச்சார்பினுள் அதனைக்கொண்டு மீண்டும் பிணைத்தல் வேண்டும்.

ஆகவே, பொதுப்பெயரொன்றை மாற்றப் புகுவார், யாது மதிப்பு என்பதோடு அஃது எதுகாறும் நிற்கும் என்பதையும் வினவுதல் கடனாம்.