சிலைக்கு ஆயிரம் வெள்ளியா?

2023-இல் ‘ஸ்பைடர்மேன் 2’ வீடியோ விளையாட்டு வந்தபோது அதன் சாதாரணத் தட்டு (டிஸ்க்) அமெரிக்காவில் 69.99 டாலர். கலெக்டர்ஸ் எடிஷன் 229.99 டாலர், அதாவது அன்றைய மாற்று விகிதத்தில் ஆயிரம் மலேசிய வெள்ளிக்கும் மேல். கூடுதலாகக் கொடுத்த 160 டாலருக்கு 19 அங்குலச் சிலை ஒன்று, அழகான ஸ்டீல்புக் உறை ஒன்று, விளையாட்டுக்குள் போட்டுக்கொள்ளச் சில உடைகள். தட்டு மட்டும் இல்லை. உறையைத் திறந்தால் உள்ளே வெறுமை. விளையாட்டு, பதிவிறக்கக் குறியீடு அச்சிட்ட சீட்டாக வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ‘காட் ஆஃப் வார் ரக்னரோக்’ பெட்டியிலும் இதே கதைதான். தோரின் சுத்தியல் 16 அங்குலத்தில் இருந்தது, தட்டு இல்லை.

இன்று மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்து செபராங் ஜெயாவில் வாடகைக்கு இருக்கும் இளைஞனுக்கும், தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்திருக்கும் ஐந்தாம் படிவ மாணவனுக்கும் ஆயிரம் வெள்ளி என்பது சும்மா தூக்கிக் கொடுக்கும் தொகை அல்ல. ஆகவே ஆசையைக் குறை சொல்லாமல், கணக்கை மட்டும் பார்ப்போம்.

ஒரு பெரிய விளையாட்டு வெளியாகும்போது உங்கள் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கும்: டிஜிட்டலில் வாங்கலாம், தட்டு வாங்கலாம், ‘டிஜிட்டல் டீலக்ஸ்’ வாங்கலாம், இல்லாவிட்டால் அந்தப் பெரிய பெட்டி.

டிஜிட்டலின் பலம் தள்ளுபடி. கணினியில் ஆடுபவர்களுக்கு ஸ்டீமில் இன்னொரு வசதி உண்டு: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கான வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. அதையும் கணக்கில் வையுங்கள். சிறிய விளையாட்டுகளுக்கு டிஜிட்டலைவிட நல்ல வழி கிடையாது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். விலை 14.99 டாலர், ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும் வாங்கியது. இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று யோசிக்கும் அந்தச் சுகத்துக்கு எந்தச் சிலையும் வேண்டியதில்லை.

தட்டு கொஞ்சம் விலை கூடினாலும், முடித்த பிறகு விற்கலாம், அத்தை மகனுக்குக் கொடுத்து வாங்கலாம். என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஆனால் வாங்குமுன் உங்கள் கருவியில் தட்டு போடும் வாய் இருக்கிறதா என்று பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 புரோவில் கிடையாது, தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். ஸ்விட்ச் 2-க்கு வரும் ‘கேம் கீ கார்டு’ இன்னொரு வகை. அந்த அட்டைக்குள் விளையாட்டு இருக்காது. செருகினால் இணையத்தில் இருந்து இறங்கும். ஆனாலும் அட்டையை விற்க முடியும். ஒரு தரம் பயன்படுத்திய குறியீட்டுச் சீட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.

டிஜிட்டல் டீலக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘ஸ்டார்ஃபீல்டு’ 2023 செப்டம்பர் 6 அன்று வெளியானது. இதே வகையைச் சேர்ந்த அதன் பிரீமியம் பதிப்புக்குக் கூடுதலாக 30 டாலர் கொடுத்தவர்கள் செப்டம்பர் 1-லேயே ஆடினார்கள். அடுத்து வரப்போகும் கூடுதல் கதையும் அந்த விலையில் அடக்கம். அது வந்து சேர ஒரு வருடம் ஆனது. ஐந்து நாள் பொறுக்க முடியாதவர்களுக்கான வரி இது.

பெரிய பெட்டியில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல. ‘பால்டர்ஸ் கேட் 3’ இரண்டு விதமாக வந்தது. ஒன்று 269.99 டாலர்: 25 சென்டிமீட்டர் சிலை, 160 பக்க ஓவியப் புத்தகம், துணி வரைபடம், விளையாட்டுக்கோ குறியீடு. இன்னொன்று பிறகு வந்த டீலக்ஸ் எடிஷன், 79.99 டாலர். பிளேஸ்டேஷனில் அந்த விளையாட்டின் டிஜிட்டல் விலையே 69.99. ஆக வெறும் பத்து டாலர் கூடுதலுக்கு விளையாட்டு முழுக்கத் தட்டில், கூடவே இசைத் தட்டுகள், துணி வரைபடம், சுவரொட்டி. முதலாவது ஒரு சிலையை விற்கிறது. இரண்டாவது ஒரு விளையாட்டை விற்கிறது. இரண்டாவது வகை கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்குங்கள். இந்த இரண்டிலும் சேராத கூத்தும் உண்டு: ‘டயாப்லோ 4’ கலெக்டர்ஸ் பெட்டி 96.66 டாலருக்கு வந்தது. அதில் விளையாட்டே கிடையாது, குறியீடாகக்கூட.

கடையில் இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். சன்வே கார்னிவல் பேரங்காடிப் பக்கம் போனாலும் சரி, பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போனாலும் சரி, கல்லாவில் கேட்பது ஒரே பேச்சுதான்: “பாஸ், இன்னிக்கு டெபாசிட் போடலைன்னா அப்புறம் ஸ்டாக் இருக்காது.” கடைக்காரர் பொய் சொல்லவில்லை, சிலது உண்மையிலேயே தீர்ந்துபோகும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் காசு கொடுப்பது ஒரு படத்துக்கு. விளையாட்டு நன்றாக இருக்குமா என்று யாருக்கும் தெரியாது; பெட்டிக்குள் இருக்கப்போகும் பொருளையும் யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

படத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் வந்த ‘ஃபால்அவுட் 76’ பவர் ஆர்மர் எடிஷனே போதும். 199.99 டாலர். தலைக்கவசத்தோடு கித்தான் துணிப் பை என்று விளம்பரம். வந்ததோ மெல்லிய நைலான் பை. பொருள் தட்டுப்பாடு என்றது விளையாட்டை வெளியிட்ட பெதஸ்டா. ஈடாக விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் 500 ‘ஆட்டம்ஸ்’ காசு தருகிறேன் என்றது. மதிப்பு சுமார் ஐந்து டாலர். கூச்சல் எழுந்த பிறகுதான் கித்தான் பை செய்து அனுப்ப ஒப்புக்கொண்டது. பைக்கு விண்ணப்பித்தவர்களின் முகவரி விவரங்கள் சில, கோளாறு ஒன்றால் மற்றவர்கள் கண்ணில் பட்டது தனி வேடிக்கை. விளையாட்டும் வெளியான புதிதில் பிழைகளுக்காகத் திட்டு வாங்கியது. இதே தொல்லையால்தான் 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வெளியாகி எட்டாம் நாள், சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. சிலையோடு 249.99 டாலர் கொடுத்து முன்பதிவு செய்தவர்கள் சிலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

நம் ஊருக்கே உரிய தொல்லைகள் தனி. முதலாவது மண்டலம். பிளேஸ்டேஷன் 5 தட்டு எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். பெட்டிக்குள் வரும் குறியீடு அப்படியல்ல, அந்த மண்டலக் கணக்கில்தான் ஏறும். அமெரிக்கப் பெட்டியை வரவழைத்துவிட்டு மலேசியக் கணக்கில் குறியீட்டைத் தட்டினால் ஏற்காது. தட்டு இல்லாத பெட்டி என்றால் கையில் மிஞ்சுவது சிலை மட்டுமே. எனவே ஆசியப் பதிப்பா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது அனுப்பும் செலவு. கூரியர்காரர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை, அளவையும் பார்ப்பார். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. 50-க்கு 40-க்கு 35 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 14 கிலோ. பெட்டியின் உண்மை எடை நான்கு கிலோவாக இருந்தாலும் பதினான்குக்குத்தான் கட்டணம். மீதி பத்து கிலோ காற்று. இதோடு, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. அதைத் தாண்டினால் சுங்கத்துறையின் வழக்கமான இறக்குமதிக் கணக்கு.

மூன்றாவது நம் வெக்கையும் ஈரமும். “பிரிக்காமல் வைத்தால் பிறகு விலை ஏறும்” என்று சொல்பவர்கள் குளிர்நாட்டுக்காரர்களின் அனுபவத்தைச் சொல்கிறார்கள். இங்கே அடைத்த பெட்டிக்குள் பிவிசி சிலையை வைத்தால், அந்த நெகிழியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் வெளியே கசிந்து பிசுபிசுக்கும். ஓவியப் புத்தகத்தில் பழுப்புப் புள்ளி விழும். ஸ்டீல்புக் ஓரம் துருப்பிடிக்கும். பொருளைத் தாங்கும் பஞ்சு நாளாக நாளாகப் பொடிந்து சிலைமேல் ஒட்டும். மறுவிற்பனைக்கு வெளிப்பெட்டியும் வேண்டும் என்பதால் அதையும் தூக்கிப் போட முடியாது. மூன்று அறை அடுக்குமாடி வீட்டில், அம்மாவின் பண்டிகைப் பாத்திரங்களோடு அலமாரி உச்சியில் இடத்துக்குப் போட்டி போடப்போவது அந்தப் பெட்டி. சில விலை ஏறுகின்றன, மறுக்கவில்லை. எது ஏறும் என்பது வாங்கும்போது தெரியாது.

அதனால் நான் சொல்லும் வழி இதுதான்: விளையாட்டைத் தட்டாக வாங்கி முதலில் முடியுங்கள். முடித்த பிறகும் அந்த உலகம் மனதை விடவில்லை என்றால் அப்போது ஒரு நினைவுப் பொருள் தேடுங்கள். ஓவியப் புத்தகம்தான் ஆசை என்றால் தனியாகவே கிடைக்கும். ‘ரக்னரோக்’கின் முழு ஓவியப் புத்தகத்தை டார்க் ஹார்ஸ் வெளியிட்டிருக்கிறது. பெட்டிகளோடு வருவது பெரும்பாலும் இத்தகைய புத்தகத்தின் குட்டிப் பதிப்பு. சிலைதான் வேண்டும் என்றால், பெட்டியைப் பிரித்துச் சிலையை மட்டும் விற்பவர்கள் ‘கரோசல்’ மறுவிற்பனைத் தளத்தில் உண்டு. நேரில் பார்த்து, விரல், வாள் நுனி உடைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்கலாம்.

இந்த விதி பொருந்தாத ஓர் இடம் உண்டு. டிஜிட்டலில் மட்டும் வந்த சிறிய விளையாட்டுகளைக் குறைந்த எண்ணிக்கையில் தட்டாக வெளியிடும் லிமிடெட் ரன் போன்ற நிறுவனங்கள், முன்பதிவுக்குச் சில வாரமே கதவைத் திறக்கும். தவறவிட்டால் பிறகு கூடுதல் விலை கொடுக்க வேண்டிவரலாம். உங்களுக்கு உயிரான விளையாட்டு என்றால் அங்கே முந்திக்கொள்ளலாம். வந்துசேர மாதக்கணக்கில் ஆகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். அங்கும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். பழைய ‘டி’ விளையாட்டைத் தொழிற்சாலைத் தட்டில் அடிக்காமல் வீட்டில் எரிக்கும் சிடி-ஆரில் அனுப்பி 2024-இல் மாட்டிக்கொண்டதும் இதே நிறுவனம்தான்.

எப்படியோ பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டதா? உடனே பிரியுங்கள். உடைசல் இருந்தால் மாற்றிக் கேட்கும் காலக்கெடு சில நாள்தான். பிரிப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துவிடுங்கள். சிலையைக் காற்றோட்டமான, வெயில் படாத அலமாரித் தட்டில் வையுங்கள். புத்தகத்தோடு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், மாதம் ஒருமுறை மாற்றினால் சரி.