வாடகை ஒப்பந்தம் அவசியமா?

கேள்வி: பெரம்பலூர்க்காரன் நான். அரியலூர் சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. வாடகை வீட்டுக்கு என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

பதில்: ஆதார் நகல், புகைப்படம், வேலை உத்தரவு போதும். நகலில் ‘வாடகைக்காக மட்டும்’ என்று எழுதித் தேதியிட்டுக் கொடுங்கள்.

ஒப்பந்தத்தைத்தான் விடவே கூடாது. ‘நம்ம ஊர்க்காரர்தானே’ என்று வாய்ப்பேச்சில் குடியேறாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால், இருவரும் ஒப்புக்கொண்டால் கூடுதலாகவும் வாங்கலாம் என்பதால், அந்த வரியை நிதானமாகப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். அட்வான்ஸை வங்கி வழியே அனுப்புங்கள். சாவி வாங்கும் அன்றே கரண்ட் மீட்டரைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.