ஒரு சுவிட்ச் நின்றால் ஆய்வகமும் நிற்க வேண்டுமா?

இணையவழி மதிப்பீடுகள் பலவும் இன்று நம் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில்தான் நடக்கின்றன. ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் தேர்வின் நடுவே பல கணினிகள் இணைப்பை இழந்தன. கணினிகளில் பழுதில்லை. வரிசையாக இணைத்திருந்த மூன்று சுவிட்சுகளில் நடுவிலிருந்தது நின்றுவிட்டது. நன்றாக இருந்த மூன்றாவதும் அதனால் துண்டிக்கப்பட்டது. கலங்கி நின்ற மாணவர்களுக்கு அன்று காரணம் சொல்ல இயலவில்லை. பின்னர் அதையே பாடமாக்கினேன்.

செயல்பாடு: நான்கு மாணவர்களை வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் ஒரு சுவிட்ச். துண்டுச்சீட்டுகளைக் கை மாற்றட்டும். இரண்டாமவரை அமரச் சொல்லுங்கள்; முதல்வரின் சீட்டு மற்றவரைச் சேராது. இப்போது நால்வரையும் வட்டமாக நிறுத்தி, மீண்டும் ஒருவரை அமர வையுங்கள். சீட்டு மறுபக்கமாகச் சுற்றிப் போய்ச் சேரும்.

விளக்கம்: இதுவே ‘ஸ்டாக்கிங்’ முறை. இதற்கென உள்ள சுவிட்சுகளைத் தனிக் கேபிளால் வளையமாக இணைப்பார்கள். ஒன்று தலைமை ஏற்கும். அது நின்றால் வேறொன்று பொறுப்பேற்கும். 24 போர்ட் கொண்ட மூன்றை அடுக்கினால், 72 போர்ட் உள்ள ஒரே சுவிட்சைப் போல ஒரே முகவரியில் நிர்வகிக்கலாம். கணினிகள் கூடினால் இன்னொன்றைச் சேர்த்தால் போதும்.

எல்லை: “அமர்ந்தவரின் கையிலுள்ள சீட்டு என்னவாகும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். குற்றாலம் ஐந்தருவியை நினைவூட்டினேன். ஒரு கிளையில் நீர் நின்றால் அதன் கீழ் நிற்பவர் நனையமாட்டார். மற்ற நான்கிலும் குளியல் தொடரும். அதுபோல, பழுதான சுவிட்சில் நேரடியாக இணைந்த கணினிகள் நிற்கும், மற்றவை இயங்கும். வெளி இணைப்பையும் இரு சுவிட்சுகளில் பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே யூபிஎஸ் என்றால், அது நின்றதும் அடுக்கு முழுவதும் நின்றுவிடும்.

எச்சரிக்கை: சாதாரண சுவிட்சுகளை வளையமாக இணைக்காதீர்கள். தரவு முடிவின்றிச் சுற்றி வலையமைப்பே முடங்கும். அவை மட்டுமே உள்ள பள்ளிகளில், ஒவ்வொரு சுவிட்சையும் முதன்மைச் சுவிட்சுடன் நேரடியாக இணைத்து, மாற்றுச் சுவிட்ச் ஒன்றைக் கையிருப்பில் வைப்பது நல்லது.

மதிப்பீடு: நம் ஆய்வக இணைப்பைப் படமாக வரைக. எந்தச் சுவிட்சை நீக்கினால் எத்தனை கணினிகள் நிற்கும்?

இந்த வினாவுக்கான விடையைத் தேர்வு நாளுக்கு முன்பே நாமும் அறிந்திருப்போம், ஆசிரிய நண்பர்களே.