வட்டங்களும் கணங்களும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பள்ளியில் இரண்டு கணங்களையும் மூன்று கணங்களையும் ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களாக வரைந்து பழகியவர்களின் மனத்தில், நான்காவது கணம் வந்தால் நான்காவது வட்டம் ஒன்றை இழுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உண்மை அவ்வாறன்று. நான்கு கணங்களுக்கு, எதிலும் சேராத வெளிப்புறத்தையும் கூட்டி, 16 பிரதேசங்கள் வேண்டும். நான்கு வட்டங்களோ, இரு வட்டங்கள் இரண்டு புள்ளிகளுக்கு மேல் வெட்டிக்கொள்ளா என்ற காரணத்தால், எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் 14 பிரதேசங்களுக்கு மேல் தருவதில்லை. 1880-ல் தம் சித்திரமுறையை வெளியிட்ட கேம்பிரிட்ஜ் தர்க்க ஆசிரியர் ஜான் வென், நான்கு கணங்களுக்கு நீள்வட்டங்களையே கையாண்டார்.

சாத்தியமான பிரதேசம் ஒவ்வொன்றையும் காட்டினால்தான் படம் பூரணமாகும் என்பது அடுத்த பிழை. முதுகெலும்புள்ள பிராணிகள், பாலூட்டிகள், பறவைகள் என்ற மூன்று கணங்களை வென் முறையில் வரைந்தால் 8 பிரதேசங்கள் எழும். அவற்றுள் முதுகெலும்பில்லாத பறவைக்கும், பறவையாகவும் இருக்கும் பாலூட்டிக்கும் ஒதுக்கிய இடங்கள் வெறுமையாகவே நிற்கும். வென்னுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, ஒரு ஜெர்மானிய இளவரசிக்கு எழுதிய கடிதங்களில் கணிதவியலாளர் ஆய்லர் விளக்கிய முறைப்படி, பெரிய வட்டத்துக்குள் ஒன்றையொன்று தொடாத இரு சிறு வட்டங்களை வரைந்தால், 4 பிரதேசங்களில் விஷயம் முடிந்துவிடுகிறது. எது இல்லை என்று ஆராயும் தர்க்க வினாக்களில், வென் வெற்றிடங்களையும் வரைந்து நிழலிட்டதற்கு நியாயம் உண்டு; செய்தி தெரிவிக்க வரையும் படத்தில் அந்த நியாயம் இல்லை என்பது என் துணிபு.

பிரதேசத்தின் பரப்பைக் கொண்டு அதில் அடங்கியவற்றின் அளவை மதிப்பிடலாம் என்பதும் பொதுவாக நம்பத்தக்கதன்று. மூன்று வட்டங்களில் நாம் மாற்றக்கூடியவை மூன்று ஆரங்களும் மூன்று மையத் தூரங்களுமாக ஆறே, அளவோடு பொருந்தவேண்டிய பிரதேசங்களோ, வெளிப்புறம் நீங்கலாக, ஏழு.

எல்லாவற்றினும் கேடு விளைப்பது, படத்தைச் சுருக்குவதென்றால் கோட்டையும் எழுத்தையும் சிறிதாக்குவதே என்ற எண்ணம். 2012-ல் நேச்சர் இதழில் வாழையின் மரபணுத் தொகுதியை வெளியிட்ட ஆய்வாளர்கள், ஆறு தாவரங்களின் மரபணுக் குடும்பங்களை ஒப்பிட, வாழைப்பழ வடிவம் ஒன்றையும் சேர்த்து ஆறு உருவங்களைப் பின்னி வரைந்தார்கள். பார்க்க அழகிய அப்படத்தில், ஓர் எண் எந்தெந்தத் தாவரங்களுக்கு உரியது என்று அறியப் புகுந்த கண், அறுபதுக்கு மேற்பட்ட துண்டுகளினூடே தடுமாறுகிறது. 2014-ல் வெளிவந்த அப்செட் முறை வளைகோடுகளையே கைவிட்டு, கணங்களை நிரைகளாகவும் அவற்றின் வெட்டுகளை நிரல்களாகவும் நிறுத்தி, உரிய இடங்களில் புள்ளியிட்டு, மேலே அளவுக்கேற்ற பட்டைகளை எழுப்புகிறது; வெற்று வெட்டுகளுக்கு இடமே தரவேண்டியதில்லை. கணத்துக்கு ஒரு கிடைக்கோடும் வெட்டுக்கு ஒரு நிரலுமாக வரையும் வேறொரு வகைப் படத்திலோ, ஒரே கணத்தைச் சேர்ந்த நிரல்களை அடுத்தடுத்து வைத்தால், பல துண்டுகளாக அறுந்து கிடந்த கோடு ஒன்றாய்க் கூடி, படம் ஓர் அங்குலமும் குறையாமலே வாசிப்பு எளிதாகிறது.